தலைசுற்றலுக்கு இணையவழிப் பயிற்சி: எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: நங்கநல்லூரில் வசிக்கிறோம். அம்மாவுக்கு வயது 72. தலையைத் திருப்பினாலே கிறுகிறுப்பு. உள்காதில் கோளாறு, பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். அம்மாவுக்கும் எங்கள் அடுக்ககத்தில் உள்ள பெரியவர்களுக்கும் தமிழில் ஒரு இணையவழிப் பயிற்சி தயாரிக்கலாமா?

பதில்: தாராளமாகத் தயாரிக்கலாம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 6 வாரப் பயிற்சியை இணையத்திலேயே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்து ஆய்வின் முடிவு 2017-இலும் நெதர்லாந்து ஆய்வின் முடிவு 2019-இலும் வெளியாயின. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களுக்குத் தலைசுற்றல் குறைந்தது.

பயிற்சி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. தலையை இடவலமாகவும் மேலும் கீழுமாகவும் அசைப்பது, அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்வது, அப்புறம் நின்றபடி, நடந்தபடி செய்வது. சிக்கல் வேறு இடத்தில். முதல் நாள் தலை கொஞ்சம் கூடுதலாகவே சுற்றும். “எனக்கு இது ஒத்துக்கலப்பா” என்று அம்மா அன்றே நிறுத்திவிடுவார். அந்த லேசான சுற்றல் வந்தால்தான் மூளை பழகிக்கொள்ளும். இதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் ‘சுற்றவே இல்லை, லேசாகச் சுற்றியது, அதிகம் சுற்றியது’ என்று கேளுங்கள். சுற்றவே இல்லை என்றால் அடுத்த நாள் வேகத்தைக் கூட்ட வேண்டும், அதிகம் என்றால் குறைக்க வேண்டும். உங்கள் உழைப்பில் பாதி இதற்கே போகட்டும். வண்ணப்படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தலையை அசைத்துக்கொண்டே யாரும் போனைப் பார்க்க முடியாது. அதனால் நிதானமாக எண்ணிச் சொல்லும் குரல் வேண்டும். நின்று செய்யும்போது முதுகுக்குப் பின்னால் சுவர் மூலை, முன்னால் ஆடாத நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள்.

அடுக்ககத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் உள்காதுக் கோளாறாக இருக்காது. எழுந்து நின்றால் மட்டும் கிறுகிறுப்பு என்றால் பிரஷர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் மட்டும் சுற்றினால், அதற்கு மருத்துவர் தலையைத் திருப்பிச் செய்யும் தனிச் சிகிச்சை உண்டு. இதையெல்லாம் கேட்டு, டாக்டர் பார்த்த பிறகே பயிற்சிக்குள் விடுங்கள். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், திடீர் கடும் தலைவலி இருந்தால் திரையில் வர வேண்டியது 108 மட்டும்தான். காது திடீரெனக் கேட்காமல் போனாலும் அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அம்மா தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டுக்கொள்கிறாரா? சில மாத்திரைகள் மூளை பழகுவதைத் தாமதப்படுத்தும். சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை வயதானவர்களுக்குக் கைநடுக்கத்தையும் உண்டாக்கலாம். நீங்களாக நிறுத்தாமல், சீட்டை எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.