விசா உங்களுக்கு, பரீட்சை அவருக்கு

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு வயது 29. பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டி என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். அப்பா இல்லை, தம்பி ஜோகூரில் வேலை. நானும் முன்பு சிங்கப்பூரில் இரண்டு வருடம் வேலை செய்திருக்கிறேன். என் கணவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ள தமிழர். இங்கே கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை. திருமணத்தைப் பதிந்து 14 மாதம் ஆகிறது. கோயிலில் தாலி கட்டியது அதற்கு நான்கு மாதம் கழித்து. அடுத்த ஆண்டுக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, அமெரிக்காவுக்கே திரும்பிவிடலாம் என்கிறார். அவர் முன்னால் போய் அங்கிருந்துதான் எனக்கு விண்ணப்பிக்க வேண்டுமா? இங்கே ஓர் ஏஜெண்டு, "டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி 8,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். என் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஐசியில் (அடையாள அட்டையில்) வேறு மாதிரி. நேர்காணலில் ஆங்கிலம் தடுமாறினால் விசா கிடைக்காதா? இன்னொன்று, விசாவை எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவோடு இரண்டு வருடம் இருந்துவிட்டு மெதுவாகப் போக முடியுமா?

– பெயர் வேண்டாம், பாடாங் செராய்

பதில்:

தங்கச்சி, முதலில் ஏஜெண்டு விஷயத்தை முடித்துவிடுவோம். அந்த 8,000 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். சிங்கப்பூர், புருணைக்காரர்களுக்கு அமெரிக்கா விசா விலக்குத் தந்திருக்கிறது, மலேசியர்களுக்குத் தரவில்லை. ஆகவே சுற்றுலா விசாவுக்கே தூதரகத்தில் போய் நின்று, திரும்பி வந்துவிடுவேன் என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். கணவர் அமெரிக்கர், அவருடைய வேலையும் இங்கே முடியப்போகிறது என்று தெரிந்தபின் அந்த அதிகாரி ஏன் நம்பப்போகிறார்? நம்பிக் கொடுத்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு இறங்கி, சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் அது பொய் வாக்குமூலம். அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டத்தில் அதற்கு ஆயுளுக்கும் தடை விழும். தடையை நீக்கச் சொல்லி மனுப்போடலாம்தான், ஆனால் அது வருடக்கணக்கில் இழுக்கும் தனித் தலைவலி. நேர்வழியிலேயே உங்களுக்கு உரிமை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? அமெரிக்கக் குடிநுழைவு பற்றிச் சட்ட ஆலோசனை சொல்ல அந்நாட்டு வழக்கறிஞர்களுக்கும், அவர்களுடைய நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதிகளுக்கும்தான் அனுமதி. நம் கடைவீதியில் பெர்மிட் புதுப்பித்துத் தருகிறவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

உங்கள் கணவர் முன்னால் போக வேண்டியதில்லை. உங்களை மனைவி என்ற முறையில் அழைத்துக்கொள்ளக் கேட்கும் ஐ-130 என்ற மனுவை அவர் கூலிமில் உட்கார்ந்தபடியே இணையத்தில் போடலாம். 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி 625 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 675. கோலாலம்பூர் தூதரகத்திலேயே கொடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அது மிக அவசரமான, விதிவிலக்கான காரணங்களுக்கு மட்டும். மனு ஏற்கப்பட்டதும் கோப்பு, நேர்காணலுக்கு முன் பத்திரங்களைச் சரிபார்க்கும் நேஷனல் விசா சென்டருக்குப் போகும். அங்கே விசாவுக்கு 325 டாலரும், கணவர் தரும் பொறுப்புப் படிவத்துக்கு 120 டாலரும் கட்டி, டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, பத்திரங்களை ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை, கோலாலம்பூரில் நேர்காணல். எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுக்கு மேல் ஓடிவிடும்.

அந்தத் தாமதத்தில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. கல்யாணமாகி இரண்டு ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் காலடி வைத்தால் கிடைப்பது இரண்டே வருட நிபந்தனைக் கிரீன் கார்டு, அதாவது அங்கே வசிக்கும் அனுமதி அட்டை. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் மறுபடி மனு, மறுபடி கட்டணம், மறுபடி கல்யாண ஆல்பம். இரண்டு ஆண்டு தாண்டிப் போனால் நேராகப் பத்து வருட கிரீன் கார்டு. நீங்கள் இப்போதே 14 மாதத்தில் இருக்கிறீர்கள். கணக்குத் தொடங்குவது பதிவு செய்த நாளிலிருந்து. 1982-க்குப் பிறகு நம் நாட்டில் பதிவுதான் சட்டப்படி கல்யாணம். எனவே தாலி கட்டிய தேதி உங்கள் மனதுக்கு எவ்வளவு பெரியதானாலும், படிவங்களில் பதிவுச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான் எழுத வேண்டும். கோயில் படங்களையும் பத்திரிகையையும் ஆதாரமாக இணையுங்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்ற படம் இருந்தால் அதை முதலில் வையுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பெயர் எழுத்து, ஆங்கிலம் என்று உங்கள் பயமெல்லாம் உங்களைப் பற்றியே இருக்கிறது. இந்த மாதிரிக் கோப்பில் கடினமான கேள்விகள் அவருக்குத்தான் வரும்.

மனைவியை அழைத்துப் போகிறவர் ஐ-864 என்ற படிவத்தில், இவளை அரசாங்கத்துக்குச் சுமையாக விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போடுகிறவர் அமெரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. அவரோ கூலிமில் இருக்கிறார். ஆகவே நீங்கள் போய்ச் சேரும் நாளுக்குள் தானும் அங்கே குடியேறிவிடப் போவதை அவர் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் போதாது. அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வங்கிக் கணக்கு, வாக்காளர் பதிவு, ஓட்டுநர் உரிமம், வேலைக்கு நடந்த கடிதப் போக்குவரத்து, வீட்டு வாடகை ஒப்பந்தம், பெற்றோர் வீட்டில் தங்கப்போகிறோம் என்றால் அவர்கள் எழுதிக் கொடுத்த கடிதம், இப்படி. அவருக்கு முன்பே அங்கு ஏதாவது இருந்தால் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் வரி. அமெரிக்கக் குடிமக்கள் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தங்கள் நாட்டுக்கு ஆண்டுதோறும் வரித்தாக்கல் செய்ய வேண்டும். "நான்தான் மலேசியாவில் வரி கட்டுகிறேனே" என்பார். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு அங்கே விலக்கு இருப்பதால் பெரும்பாலும் கட்ட வேண்டிய தொகை எதுவும் வராது, ஆனால் தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஐ-864-க்குக் கடைசி ஆண்டுத் தாக்கலின் நகல் வேண்டும். விட்டுப்போன ஆண்டுகள் இருந்தால் இப்போதே உட்கார்ந்து முடிக்கட்டும். நேர்காணலுக்கு முந்தின வாரம் கணக்காளரைத் தேடி ஓடுவது எனக்குப் பிடிக்காத காட்சி.

வருமானத்தில் இன்னொரு சிக்கல். 2025-ஆம் ஆண்டு அளவுப்படி இருவர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 26,437 டாலர் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. இந்த அளவு ஆண்டுதோறும் ஏறும். கூலிமில் அவர் வாங்குவது இதைவிட அதிகமாகவே இருக்கலாம், ஆனால் இங்கே வேலை முடிந்தால் நின்றுபோகும் சம்பளம் கணக்கில் சேராது. அதே கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு மாற்றி, அதைக் கடிதத்தில் எழுதித் தந்தால் சேரும். இல்லையென்றால் சேமிப்பைக் காட்டலாம். குறையும் தொகையைப்போல் மூன்று மடங்கு, அதாவது வருமானமே இல்லையென்றால் அந்த 2025 அளவுப்படி சுமார் 79,300 டாலர். அதுவும் இல்லையென்றால் அங்கே வசிக்கும் ஒருவர் கூட்டுப் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும்.

கணவருக்கு அங்கே அண்ணன் இருந்தால், அவர் போட்டுவிடுவார் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பொறுப்பு நீங்கள் குடியுரிமை பெறும்வரை, அல்லது வேலைக் கணக்கில் 40 காலாண்டுகள் (சுமார் பத்து ஆண்டு வேலை) சேரும்வரை தொடரும். விவாகரத்து ஆனாலும் விடாது. ஆகவே அண்ணனிடம் கேட்கும்போது அண்ணியும் பக்கத்தில் இருக்கட்டும். பின்னால் தெரிந்து குடும்பம் இரண்டாகப் பிரிவதைவிட இது மேல். அப்படி ஒருவர் போட்டாலும், அமெரிக்காவில் குடியேறப்போகிறேன் என்று காட்டும் வேலையை உங்கள் கணவர்தான் செய்ய வேண்டும். அதை அண்ணனால் சுமக்க முடியாது.

உங்கள் பக்கத்துக்கு வருவோம், இது சுலபம். தோட்டத்தில் பிறந்த நம்மில் எத்தனையோ பேருக்கு அப்பா பெயர் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடிதான் பத்திரத்தில் ஏறியது. கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) உள்ள எழுத்தையே எல்லாப் படிவத்திலும் பயன்படுத்துங்கள். மற்ற எழுத்துகளை, வேறு பெயர்கள் என்று கேட்கும் இடத்தில் மறைக்காமல் எழுதுங்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் செய்து இணைத்துக்கொள்ளுங்கள். தேசியப் பதிவிலாகாவில் திருத்த முடிந்தால் இன்னும் நல்லது. ஐ-130-உடன் தரும் மலாய்ப் பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். நன்னடத்தைச் சான்றிதழை நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்கு இணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். நீங்கள் சிங்கப்பூரில் ஓராண்டுக்கு மேல் இருந்ததால் அந்நாட்டுப் போலீசின் சான்றிதழும் வேண்டும், அதற்குக் கைரேகை கேட்பார்கள், கொஞ்சம் முன்கூட்டியே தொடங்குங்கள். இந்த விசாவுக்கு ஆங்கிலத் தேர்வு எதுவும் கிடையாது. எப்படிச் சந்தித்தீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்பார்கள். உங்கள் வாழ்க்கையைத்தானே சொல்லப்போகிறீர்கள், இலக்கணம் பார்த்து மதிப்பெண் போடமாட்டார்கள்.

மருத்துவப் பரிசோதனை தூதரகம் குறித்த மருத்துவரிடம் மட்டும். நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. முன்பு காசநோய் வந்திருந்தால் பழைய ஆஸ்பத்திரிக் குறிப்புகளை எடுத்துப் போங்கள். சந்தேகம் வந்து சளிப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர இரண்டு மாதம்கூட ஆகலாம், அதுவரை விமான டிக்கெட் வாங்க வேண்டாம்.

வேலையை விடும்போது ஊழியர் சேமநிதியை எடுத்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். நாட்டை விட்டுப் போவதற்காகப் பணம் எடுக்க மலேசியக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். கிரீன் கார்டு வாங்கியதால் உங்கள் குடியுரிமை போகாது. பின்னால் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தால்தான் பிரச்சினை, மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பணம் அங்கேயே இருக்கட்டும்.

கடைசியாக அம்மா. விசாவை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ள முடியாது. அது பெரும்பாலும் ஆறு மாதம்தான், மருத்துவப் பரிசோதனைத் தேதியைப் பொறுத்து இன்னும் குறையலாம். அதற்குள் போய் இறங்க வேண்டும். ஒரு முறை போய்க் கார்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து இங்கே இருந்துவிடலாம் என்றால் அதுவும் சரிப்படாது. ஆறு மாதம் தாண்டினாலே கேள்வி வரும், மீள்நுழைவு அனுமதி இல்லாமல் ஓராண்டு தாண்டினால் கார்டு செல்லாது. தாமதிக்க விரும்பினால் நேர்காணலுக்கு முன்னால்தான் தாமதிக்க வேண்டும். ஐ-130-ஐ இப்போது போட்டுவிட்டு, நேஷனல் விசா சென்டர் கட்டத்தில் மெதுவாகப் போகலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது அவர்களோடு தொடர்பு கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். கணவரின் கம்பெனி ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டுமா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

பிறகு அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்வோம் என்ற கணக்கும் உங்கள் மனதில் இருக்கும். கிரீன் கார்டு உள்ளவர் பெற்றோருக்கு மனுப்போட முடியாது. குடியுரிமை பெற்றால்தான் முடியும். அமெரிக்கரின் மனைவிக்கு அது குறைந்தது மூன்று ஆண்டு கழித்து, அதுவும் மலேசியக் கடப்பிதழை விட்டுக்கொடுத்து. அதுவரை அம்மா சுற்றுலா விசாவில் வந்து போகலாம்.

இவ்வளவு எழுதிய கடிதத்தில் அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவருக்குப் பாடாங் செராயை விட்டு வரவே விருப்பம் இல்லாமல் இருக்கலாம். தோட்டத்திலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்கும் சிநேகிதிகள், கோயில், வழக்கமான கிளினிக் எல்லாம் அங்கேதானே. மாதாந்திர மருந்துக்கு யார் கூட்டிப் போவது, இரவில் முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது, தம்பி ஜோகூரிலிருந்து வடக்கே மாற்றல் கேட்பானா என்பதெல்லாம் தூதரகம் கேட்காத கேள்விகள். அடுத்த விடுமுறைக்குத் தம்பி வரும்போது நால்வரும் உட்கார்ந்து பேசுங்கள், மனுப்போடும் தேதியை அதற்குப் பிறகு குறியுங்கள்.