உலர் அத்திப்பழம்: எண்ணிக்கையை விடுங்கள், எடையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 38. ஹீமோகுளோபின் 10.4. இரும்புச்சத்தும் கால்சியமும் கிடைக்கும் என்று சொன்னதால், தினமும் இரவில் 5 உலர் அத்திப்பழங்களைப் பாலில் ஊறப்போட்டு, காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுகிறேன். மலச்சிக்கல் குறைந்துவிட்டது. ஆனால் வயிறு உப்புசமாக இருக்கிறது, எடையும் கொஞ்சம் கூடியிருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள என் மாமியாரும் இதையே சாப்பிடுகிறார். இதில் உண்மையில் என்ன சத்து, எவ்வளவு இருக்கிறது? எத்தனை பழம் சாப்பிடலாம்? பழத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது பூஞ்சையா?

பதில்: முதலில் அந்த ‘5’ என்ற கணக்கை விட்டுவிடுங்கள். சிறிய உலர் அத்தி சுமார் 8.4 கிராம்தான் இருக்கும். பெரிய ரகத்தில் ஒரு பழமே 20 கிராம் வரும். ஆகவே 5 பழம் என்பது 42 கிராமாகவும் இருக்கலாம், 100 கிராமாகவும் இருக்கலாம். முதலாவதில் சுமார் 105 கலோரி, 20 கிராம் சர்க்கரை. இரண்டாவதில் 249 கலோரி, 48 கிராம் சர்க்கரை. உங்கள் எடை கூடியதற்கு இந்த வித்தியாசம் மட்டுமே காரணமாக இருக்கலாம். கூடவே பாலின் கலோரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் ஊறப்போடும் முன் ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் போதும், அதன்பின் கண்ணே பழகிவிடும். ஊறிய பிறகு நிறுக்கக் கூடாது. அது குடித்த தண்ணீரின் எடையும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

இனி 100 கிராம் உலர் அத்தியில் உள்ளவை. இங்கே தரும் எண்கள் அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணைப்படி: தண்ணீர் 30 கிராம், கார்போஹைட்ரேட் 63.9, அதற்குள் சர்க்கரை 47.9, நார்ச்சத்து 9.8, புரதம் 3.3, கொழுப்பு 0.9 கிராம். தாதுக்களில் பொட்டாசியம் 680 மில்லிகிராம், கால்சியம் 162, மெக்னீசியம் 68, பாஸ்பரஸ் 67, இரும்பு 2.0, துத்தநாகம் 0.55, சோடியம் 10 மட்டுமே. வைட்டமின் கே 15.6 மைக்ரோகிராம். வைட்டமின் சி 1.2 மில்லிகிராம், அதாவது இல்லை என்றே சொல்லலாம்.

உலர்த்துவதால் சத்து பெருகுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். எதுவும் பெருகுவதில்லை, தண்ணீர்தான் போகிறது. புதிய அத்தியில் 79 சதவீதம் தண்ணீர், 21 சதவீதம் மட்டுமே மற்றவை. உலர்ந்ததில் மற்றவை 70 சதவீதம். அதாவது ஒரே எடைக்கு எல்லாம் ஏறத்தாழ 3.3 மடங்கு செறிவாகிறது. புதிய பழத்தின் 74 கலோரியை இதனால் பெருக்கிப் பாருங்கள், உலர்ந்ததன் 249-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 2.9 கிராம் நார்ச்சத்தைப் பெருக்கினால் 9.8-ஐக் கிட்டத்தட்டத் தொடும். வைட்டமின் சி மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. 2 மில்லிகிராம் 6.6 ஆகியிருக்க வேண்டும், இருப்பதோ 1.2. வெயிலும் காற்றும் அதை அழித்துவிடுகின்றன. கால்சியமும் இரும்பும் கணக்கைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காட்டும். உலர்த்துவதால் அவை உண்டாகிவிடவில்லை. அட்டவணைக்காகச் சோதித்த புதிய பழமும் உலர்ந்த பழமும் ஒரே மரத்துப் பழங்கள் அல்ல. ரகம், மண், பழுத்த அளவு ஆகியவற்றைப் பொறுத்துத் தாதுக்கள் மாறும். எனவே எந்த அட்டவணையையும் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் வரை நம்பத் தேவையில்லை.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருவோம். இரும்புச்சத்துக்காக அத்திப்பழத்தை நம்பியிருப்பது பயன் தராது. 30 கிராமில் கிடைப்பது 0.6 மில்லிகிராம். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். அதைவிடக் கூடுதலாகச் சொல்லும் நாடுகளும் உண்டு. நீங்கள் 100 கிராம் தின்றாலும் ஒன்பதில் ஒரு பங்குதான் தேறும். அதிலும் தாவர இரும்பை உடல் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை, சிறு பங்கையே உறிஞ்சும். வைட்டமின் சி உடனிருந்தால் உறிஞ்சுதல் கூடும், ஆனால் அத்தியில் அது போய்விட்டது. பாலின் கால்சியமோ இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஆகவே இரும்புக்காக அத்தியைப் பாலில் ஊறவைப்பது, கொடுத்த கொஞ்சத்தையும் திருப்பி வாங்குவதற்குச் சமம். தண்ணீரில் ஊறவையுங்கள். உடன் கொய்யா, ஆரஞ்சு, நெல்லிக்காய் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம்.

கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படி 8 முதல் 10.9 வரை நடுத்தர நிலை. உங்கள் 10.4 அதற்குள் வருகிறது. இதை உலர்பழத்தால் சரிசெய்ய முடியாது. மருத்துவரிடம் ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டும்) பரிசோதனை கேளுங்கள். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, மூலம், குடலில் கசிவு என்று எங்காவது இரத்தம் போகிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். இரும்பு மாத்திரை தந்தால் அதை நிறுத்திவிட்டு அத்திக்கு மாறாதீர்கள். சில மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொடுக்கும், அங்கேதான் அத்தி உண்மையில் உதவும்.

கால்சியம் விஷயத்தில் நிலைமை இதைவிடப் பரவாயில்லை. உலர்பழங்களில் அத்தி கால்சியத்துக்குப் பெயர் பெற்றது நியாயம்தான். ஆனாலும் 30 கிராமில் 49 மில்லிகிராம். பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 1,000. ஒரு 200 மில்லி பாலில் கிடைக்கும் 240 மில்லிகிராமை அத்தியில் மட்டும் பெற 150 கிராம் தின்ன வேண்டும். கூடவே 370 கலோரியும் 70 கிராமுக்கு மேல் சர்க்கரையும் உள்ளே போகும். அத்தியில் ஆக்சலேட்டும் இருப்பதால் கால்சியத்தில் ஒரு பகுதி அதனோடு ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். பால் குடிக்காதவர்கள் இதை உபரியாக வைத்துக்கொள்ளலாம், மாற்றாக அல்ல. சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

உலர் அத்தியின் உண்மையான பலம் நார்ச்சத்து. 30 கிராமில் ஏறக்குறைய 3 கிராம் கிடைக்கிறது. நாள் தேவையான 25 கிராமில் எட்டில் ஒரு பங்கு, கையளவு பழத்துக்கு இது பெரிய விஷயம். இதில் பெரும்பகுதி கரையாத நார், மீதி பெக்டின் போன்ற கரையும் நார். முன்னது மலத்துக்குக் கனம் கொடுக்கும், பின்னது தண்ணீரைப் பிடித்து இளக்கும். உங்கள் மலச்சிக்கல் குறைந்தது இதனால்தான். வெறும் வயிற்றில் சாப்பிட்டதால் அல்ல. எந்த வேளையில் சாப்பிட்டாலும் நார் தன் வேலையைச் செய்யும்.

உப்புசமும் அங்கிருந்தே வருகிறது. அத்தியில் ஃபிரக்டான் என்ற வகைக் கார்போஹைட்ரேட் உண்டு. சிறுகுடலில் செரிக்காத அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் புளித்து வாயுவாகிறது. நாளடைவில் சிலருக்குப் பழகிவிடும், ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குப் பழகுவது கடினம். பாலில் உள்ள லாக்டோஸ் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. எது காரணம் என்று பிரித்தறிய வழி எளிது: ஒரு வாரம் பாலை நிறுத்திவிட்டு, தண்ணீரில் ஊறிய 15 கிராம் பழம் மட்டும் சாப்பிடுங்கள். உப்புசம் போய்விட்டால் 30 கிராமுக்கு ஏற்றிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் குற்றவாளி பாலாகவோ, முன்பு சாப்பிட்ட அதிக அளவாகவோ இருக்கலாம். 15 கிராமிலேயே வந்தால் பழம். நாரைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் திரும்பி வரும்.

ஊறவைத்தால் சத்து கூடுமா என்றால், கூடாது. மென்மையாகும், மெல்ல எளிதாகும், அவ்வளவுதான். ஊறும்போது சர்க்கரையிலும் பொட்டாசியத்திலும் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் கணக்கு மாறாது, கொட்டினால் கொஞ்சம் குறையும். முறை இது: பழத்தை ஓடும் நீரில் கழுவி, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து உள்ளே பார்த்து, 30 கிராமுக்கு 100 மில்லி தண்ணீர் ஊற்றி 6 முதல் 8 மணி நேரம் மூடி வையுங்கள். அறை வெப்பமாக இருந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள். இனிப்பு நீர் சீக்கிரம் புளிக்கும். நுரையும் சாராய வாடையும் வந்தால் எறிந்துவிட வேண்டியதுதான்.

உங்கள் மாமியாருக்கு வருவோம். 100 கிராம் உலர் அத்தியில் உள்ள சர்க்கரை குளுக்கோஸ் சுமார் 25 கிராம், ஃபிரக்டோஸ் சுமார் 23. சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரை, கிட்டத்தட்ட இல்லை. ‘வெள்ளைச் சர்க்கரை இல்லாத இனிப்பு’ என்று விற்பதற்கு இதுவே சாக்கு. ஆனால் வெள்ளைச் சர்க்கரை உடைந்தால் கிடைப்பதும் இதே இரண்டுதான். இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதைக் காட்டும் கிளைசீமிக் இண்டெக்ஸ் 60-ஐ ஒட்டி, நடுத்தரத்தில் வருகிறது. சர்க்கரை நோயாளி தொடவே கூடாது என்பதில்லை, கணக்கில் சேர்க்காமல் தின்பதுதான் தவறு. 15 கிராம் கார்போஹைட்ரேட் என்பது 23 முதல் 24 கிராம் உலர் அத்தி: சிறியதாக மூன்று, பெரியதாக ஒன்று. அதே அளவு கார்போஹைட்ரேட்டை அந்த வேளை உணவிலிருந்து குறைத்துவிட்டுச் சாப்பிடலாம். சில பாதாம் அல்லது வேர்க்கடலையோடு சேர்த்தால் ஏற்றம் மெதுவாகும். முதல் சில தடவை சாப்பிடும் முன்பும் 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டால் அவர் உடம்பே பதில் சொல்லும். இன்னொன்று: சர்க்கரை திடீரென இறங்கித் தலைசுற்றல் வரும்போது அத்தியைக் கொடுக்காதீர்கள். மென்று, நார் வழிவிட்டு, இரத்தத்தில் ஏற நேரமாகும். அப்போது குளுக்கோஸ் நீர்தான் சரி.

நீண்ட கால சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. 30 கிராமிலேயே 200 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதால், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்த அளவு), பொட்டாசியம் அளவுகளைப் பார்த்த மருத்துவர் சொன்ன பிறகே கொடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே-க்குப் பயப்படுகிறார்கள்; 30 கிராமில் 5 மைக்ரோகிராம்கூட இல்லை, தினமும் ஒரே அளவில் சாப்பிட்டால் கவலையில்லை.

பாக்கெட் லேபிளைப் படிப்பதில் ஒரு குழப்பம் உண்டு. சில நாடுகளின் லேபிளில் கார்போஹைட்ரேட் என்றால் நார்ச்சத்தும் சேர்ந்தது, 64 என்று இருக்கும். ஐரோப்பிய முறையில் நாரைத் தனியாகக் காட்டுவதால் அதே பழத்துக்கு 54 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்; 54 போட்டதை ‘குறைந்த மாவுச்சத்து’ என்று நினைத்து வாங்க வேண்டாம். சர்க்கரை 60-ஐத் தாண்டியிருந்தால் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள், குளுக்கோஸ் சிரப் அல்லது சர்க்கரைப் பாகு இருக்கலாம். நல்ல உலர் அத்திக்குச் சேர்மானம் ஒன்றே ஒன்று, அத்திப்பழம். இ220 என்றிருந்தால் சல்ஃபர் டையாக்சைடு. நிறம் மங்காமல் இருக்கச் சேர்ப்பது. ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு அத்தியும் சேராது. வாய் அரித்தால் நிறுத்திவிடுங்கள்.

வெள்ளைப் படிவு பெரும்பாலும் சர்க்கரைதான். சேமிப்பில் ஈரம் வெளியே வரும்போது பழத்தின் சர்க்கரை மேலே வந்து படிகமாகிறது. வெதுவெதுப்பான நீரில் தேய்த்தால் கரைந்து போகும், நாக்கில் இனிக்கும். பூஞ்சை பஞ்சு போல, ரோமம் போல இருக்கும், கரையாது, புழுங்கல் வாடை வீசும். சந்தேகமாக இருந்தால் சுவைத்துப் பார்க்க வேண்டாம், நீரில் கரைத்துப் பாருங்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது பழத்தின் உள்பக்கம். அத்தி மரத்திலேயே பூஞ்சை தாக்கக்கூடிய பழம். ஆஸ்பர்ஜில்லஸ் இனப் பூஞ்சைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற, கல்லீரலைத் தாக்கும் நச்சை விட்டுச்செல்லும். ஐரோப்பிய ஒன்றியம் உலர் அத்திக்கு மொத்த அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பதும், பதப்படுத்தும் இடங்களில் புற ஊதா விளக்கின் கீழே பச்சை மஞ்சளாக ஒளிரும் பழங்களைப் பொறுக்கி எறிவதும் இதனால்தான். கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் இந்த நச்சு போகாது. ஊறப்போடும் முன் பிளந்து பார்க்கச் சொன்னது அதற்காகவே. உள்ளே கருந்தூள், பச்சை அல்லது மஞ்சள் பொடி, கசப்பு இருந்தால் அந்தப் பழம் முழுவதும் குப்பைக்குத்தான். புழுவும் இருக்கும் என்றால், வாங்கியதும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு 4 நாள் மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் வைத்தால் முட்டைகள் செத்துவிடும். பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் இரவில் சாப்பிடுவதானால் பல் துலக்கிய பிறகு வேண்டாம். ஒட்டிக்கொள்ளும் இனிப்பு பற்களுக்கிடையே இரவு முழுவதும் தங்கும். உங்களுக்கு 30 கிராம், மாமியாருக்கு அவர் அளவீட்டைப் பொறுத்து 24 கிராம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினை, மருத்துவர் தரும் சிகிச்சையோடு, அவர் சொல்லும் நாளில் மறுபடி சோதித்துப் பாருங்கள்.