நடந்தால் போன் சார்ஜ் ஆகுமா?

கேள்வி: கூரியர் பார்சல்களை வீடு வீடாகக் கொடுக்கும் வேலை எனக்கு. நாளுக்கு ஆறு மணி நேர நடை. மாலை நான்கு மணிக்கே போனில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. நடந்தாலே மின்சாரம் தரும் ஷூ இன்சோல், பனியன் என்று இணையத்தில் விளம்பரம் வருகிறது. '200 வோல்ட் வரை' என்கிறார்கள். வாங்கலாமா? ஷாக் அடிக்காதா?

பதில்: வாங்க வேண்டாம். ஷாக் பயமும் வேண்டாம். அதில் அவ்வளவு சரக்கு இல்லை.

200 வோல்ட் என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வீட்டு காஸ் லைட்டரைப் பாருங்கள். பேட்டரி கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி பீங்கான் துண்டின் மீது 'டக்' என்று அடிக்கிறது. பல ஆயிரம் வோல்ட் பிறந்து முனையில் பொறி தாவுகிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தப் பண்பை 1880இல் பிரெஞ்சு விஞ்ஞானி பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக்கும் கண்டறிந்தார்கள். இன்சோலுக்குள் இருப்பதும் இதே வித்தைதான். வோல்ட் ஏராளம், மின்னோட்டம் அற்பம், அதுவும் கண நேரத்துக்கு.

ஆகவே விற்பவரிடம் வோல்ட் கணக்கை விட்டுவிட்டு, சராசரியாக எத்தனை மில்லிவாட் (வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கேளுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் பாரடைசோ குழு 2001இல் வெளியிட்ட அளவின்படி, ஷூவின் குதிகாலில் வைத்த தகடு சாதாரண நடையில் தந்தது சுமார் 8.4 மில்லிவாட். உங்கள் போனில் 5,000 எம்ஏஎச் பேட்டரி என்றால் அது கொள்வது ஏறத்தாழ 19 வாட்-மணி. இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு தினமும் ஆறு மணி நேரம் நடந்தாலும் ஒரு முறை நிரம்ப ஆறு மாதம் ஆகும். அதுவரை போனை அணைத்தே வைத்திருக்க வேண்டும்!

பனியன் வேறு ரகம். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது சில நாள் படபடவென்று பொறிகிறதே, அந்த உராய்வு மின்சாரம்தான். 2012இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சோங் லின் வாங் குழு இதை ஒரு கருவியாக்கியது. இன்று ஆய்வுக்கூடங்களில் துணியாகவே நெய்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த துறை இது. ஆனால் ஈரம் அதற்கு எமன். வியர்வையில் நனைந்த துணியில் மின்னூட்டம் தங்காமல் கசிந்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் பார்சல் சுமப்பவருக்கு இதை விற்கத் தனித் துணிச்சல் வேண்டும். மூச்சின் ஏற்ற இறக்கத்தையும் மூட்டு மடங்குவதையும் பாதத்தின் அழுத்தத்தையும் அளக்கும் உணரியாக (சென்சார்) இந்தத் துணிக்கு எதிர்காலம் உண்டு. சார்ஜராக இப்போதைக்கு இல்லை.

உடலிலிருந்து போனுக்குப் போதுமான மின்சாரம் எடுக்கவே முடியாதா என்றால், முடியும். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் டோனலன் குழு 2008இல் முழங்காலில் கட்டிய கருவி, இரு காலுக்கும் சேர்த்து சுமார் 5 வாட் தந்தது. ஆனால் அது பற்சக்கரமும் ஜெனரேட்டரும் கொண்ட இயந்திரம், காலுக்கு 1.6 கிலோ எடை. அதைக் கட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் பார்சல் கொண்டுபோக யார் சம்மதிப்பார்கள்?

அந்தப் பணத்தில் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றை, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் போனை ஒரு முறை முழுதாக நிரப்பியும் மிச்சம் இருக்கும். போன் வாங்கி மூன்று ஆண்டு கடந்திருந்தால் அதற்கும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பவர் பேங்க் செலவே மிஞ்சலாம்.