முக்காலும் அரையும்: குடியாத்தத்து அம்மா ஒருவருக்குக் கணக்கைப் பற்றி எழுதிய பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களோடு இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு நீங்கள் வந்த அன்று, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உடனே விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகள் பொறியியல் வேண்டாம், கணிதம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். பத்தாம் வகுப்பில் இருக்கும் மகனோ கணக்கு நோட்டை எடுத்தாலே வயிற்றை வலிக்கிறது என்கிறான். ஒரே வீட்டில் வளர்ந்த இருவருக்குள் இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது என்றும், பையனுக்கு மூளையில் ஏதேனும் குறை இருக்குமோ என்றும் கேட்டீர்கள். இருவரோடும் தனித்தனியே உட்கார்ந்து பேசிய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் மகனைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தாளில் 3/4 + 1/2 என்று எழுதிக் கொடுக்காமல், அச்சிட்ட பயிற்சித் தாளிலேயே அதைக் காட்டி விடை எழுதச் சொன்னேன். மேலே உள்ள எண்களையும் கீழே உள்ள எண்களையும் தனித்தனியாகக் கூட்டி 4/6 என்று எழுதினான். தாளை மூடி வைத்துவிட்டு, முக்கால் கிலோ வெங்காயமும் அரைக் கிலோ தக்காளியும் வாங்கினால் பையில் மொத்தம் எவ்வளவு எடை என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் ஒன்றேகால் கிலோ என்றான். இரண்டும் ஒரே கணக்குதான் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. தாளைத் திறந்து, மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய சிக்கல் முழுவதும் அந்த ஒரு தாளில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவனை ஆறாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாற்றினீர்கள் என்று சொன்னீர்கள். பின்னங்களை ஆழமாகப் படிக்கிற அதே பருவத்தில், அவன் நாவில் உயிரோடு இருந்த கால், அரை, முக்கால் என்ற சொற்கள் போய், வேறு சொற்களும் மேலும் கீழுமாக எழுதிய எண்களும் வந்துவிட்டன. அந்த எண்கள் எந்த அளவைக் குறிக்கின்றன என்பது அவன் மனத்தில் படியவே இல்லை. படிந்திருந்தால், 4/6 என்பது 3/4-ஐவிடச் சிறியது, கூட்டிய பிறகு அளவு எப்படிக் குறையும் என்று அவனுக்கே உறுத்தியிருக்கும். கால், அரைக்கால், பதினாறில் ஒன்றுக்கு மாகாணி, முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்துத் திண்ணைப் பள்ளிகளில் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுத்த மொழி நம்முடையது. அந்தச் செல்வம் அவனிடம் ஓரளவு இருக்கிறது. அதைப் பாடப் புத்தகத்தோடு சேர்த்துவைக்க யாரும் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம். பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகள், வடிவொத்த முக்கோணங்கள், நேர்க்கோட்டின் சாய்வு, முக்கோணவியல், நிகழ்தகவு என எதைத் தொட்டாலும் உள்ளே பின்னம்தான் இருக்கிறது. எனவே அவன் ஐந்து பாடங்களில் தோற்கவில்லை. ஒரே இடத்தில் ஐந்து முறை தடுக்கி விழுகிறான்.

மூளைக் குறை என்ற உங்கள் அச்சத்துக்கு இதிலேயே விடை இருக்கிறது. டிஸ்கால்குலியா என்ற கணிதக் கற்றல் குறைபாடு உண்மையில் உண்டு. நூறு பேரில் ஏறத்தாழ மூன்று முதல் ஆறு பேருக்கு அது இருப்பதாகக் கணிக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இரண்டு எண்களில் எது பெரியது என்பதே எளிதில் பிடிபடாது. வளர்ந்த பிறகும் சிறிய கூட்டலுக்கு விரலை நாடுவார்கள்; மீதிச் சில்லறையைச் சரிபார்க்கத் தடுமாறுவார்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படி ஐயம் இருந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் தயங்காமல் போகச் சொல்லியிருப்பேன். எடையை மனத்தில் கூட்டி ஒரு நொடியில் ஒன்றேகால் என்று சொன்ன பிள்ளையிடம் அத்தகைய அடையாளம் எதையும் நான் காணவில்லை.

ஆனால் அவனிடம் அச்சம் இருக்கிறது. அதை நாம் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கணக்கைப் போடும்போது இடையில் வரும் எண்களையும் அடுத்து செய்ய வேண்டியதையும் மனம் சிறிது நேரம் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். அந்த இடம் மிகச் சிறியது. ‘மறுபடி தப்பாகிவிடுமோ, எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்துவார்களோ’ என்ற கவலை அதில் பாதியை அடைத்துக்கொண்டால், தெரிந்த கணக்கும் வராது. இப்போது அவன் போகும் டியூஷனில் நாள்தோறும் மணி பார்த்துத் தேர்வு வைத்து, மதிப்பெண்ணை உரக்கப் படிக்கிறார்கள் என்று சொன்னான். நன்றாகப் போடுகிறவர்களுக்கு அது பயிற்சி. இவனுக்கு அது நாள்தோறும் ஏற்படும் காயம். அதை இந்த மாதமே நிறுத்திவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தவறாக நினைக்க வேண்டாம். ‘எனக்கும் சின்ன வயசிலேர்ந்தே கணக்கு வராது சார், அந்த ராசிதான் இவனுக்கும்’ என்று அவன் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக ஆம்பூரில் ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிறேன் என்றும் சொன்னீர்கள். ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு உருவம். வயிற்றுப் பக்கம் அதிகம் இழுபடும், முதுகுப் பக்கம் உறுதியாக இருக்கும், நடுவில் தழும்பும் ஓட்டையும் வரும். சதுர அடிக் கணக்கில் விலை கொடுத்து வாங்கிய அந்தத் தோலில், எந்தத் துண்டை எந்தத் திசையில் வைத்தால் இடது காலும் வலது காலும் ஒத்து வரும், கழிவும் குறையும் என்று பார்த்தவுடன் முடிவு செய்கிறீர்கள். அது வடிவியல், அம்மா. பள்ளியில் உங்களுக்கு வராமல் போனது கணக்கை எழுதும் முறைதான். அதை அவனிடம் நீங்களே சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை வெட்டி, துண்டுகளை எப்படி அடுக்குகிறீர்கள் என்று காட்டுங்கள்.

பொதுத்தேர்வுக்கு இருக்கும் வாரங்களில் செய்ய வேண்டியது இதுதான். காலையில் அரை மணி நேரம், ஐந்தாம், ஆறாம், ஏழாம் வகுப்புத் தமிழ்வழிக் கணக்குப் புத்தகங்களிலிருந்து பின்னம், விகிதம், சதவீதம், குறை எண்கள் ஆகியவற்றை மட்டும் போடட்டும். மாலையில் அரை மணி நேரம் செய்முறை வடிவியலும் வரைபடமும் பழகட்டும். வினாத்தாளில் இந்த இரண்டுக்கும் எட்டு எட்டாகப் பதினாறு மதிப்பெண் உண்டு. அவன் நோட்டின் ஓரங்களில் வரைந்திருந்த பேருந்துகளைப் பார்த்தேன். அந்தக் கைக்குக் கவராயமும் அளவுகோலும் பகையாக இருக்க முடியாது. அரையாண்டில் 41 வாங்கியவன் தேர்ச்சிக்கான 35-ஐ நினைத்து நடுங்க வேண்டியதில்லை.

பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப்பில்தான் சேர்க்க வேண்டும் என்பதில் நான் உங்களோடு உடன்படவில்லை. கணக்குக்குப் பயந்து வேறு குரூப்புக்கு ஓடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. கணிதம் இல்லாத அறிவியல் பிரிவிலும் இயற்பியல் இருக்கிறது, பாலிடெக்னிக்கின் முதல் ஆண்டில் கணிதம் தனிப் பாடமாகவே இருக்கிறது, ஐ.டி.ஐ.யில்கூடப் பணிமனைக் கணக்கீடு உண்டு. ஆகவே பின்னத்தை அவன் எப்படியும் சரி செய்துகொள்ளத்தான் வேண்டும். கையால் செய்து பார்ப்பதில் அவனுக்கு இருக்கும் விருப்பத்தைப் பார்த்தால் இயந்திரவியல் டிப்ளமோ பொருந்தும் என்று தோன்றுகிறது. அதை முடித்தால் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. முடிவை மே மாதத்தில் அவனையும் உட்காரவைத்து எடுப்போம்.

மகளைப் பற்றி எனக்கு மகிழ்ச்சியும் ஒரு கவலையும் உண்டு. ஒரு கணக்குக்கு விடை வந்த பிறகும் அதை விடாமல், வேறு வழியில் போட முடியுமா, இது எப்போதும் உண்மையா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மதிப்பெண்ணுக்காகப் படிப்பவர்கள் விடை வந்ததும் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். அவளுக்கு உள்ளது கணக்கின் மேல் உண்மையான பற்று. சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் இளநிலைப் படிப்புக்கு அவள் விண்ணப்பிக்க வேண்டும். நமக்குப் பக்கத்து ஊரான காஞ்சிபுரத்தில் பிறந்த கணிதவியலாளர் சி. எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் நுழைவுத்தேர்வில் நிறுவிக் காட்டும் கேள்விகளும் வருவதால், பழைய வினாத்தாள்களை இப்போதே பார்க்கட்டும். பெங்களூரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டும் கிடைக்காவிட்டால், காட்பாடியிலும் வேலூரிலும் உள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம் படித்து, முதுநிலைக்குப் பெரிய நிறுவனங்களுக்குப் போகலாம்.

டீச்சர் வேலை தவிர வேறென்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். வெறும் பட்டத்தோடு நின்றுவிட்டால் உங்கள் அச்சம் நியாயமானதுதான். கணிதத்தோடு புள்ளியியலையும் கணினி நிரல் எழுதுவதையும் சேர்த்துக் கற்றால் வங்கி, காப்பீடு, தரவுப் பகுப்பாய்வு ஆகிய துறைகள் திறக்கும். காப்பீட்டு நிறுவனங்களில் இழப்பின் வாய்ப்பைக் கணக்கிடும் ஆக்சுவரி பணிக்குத் தனியே தொழில்முறைத் தேர்வுகள் இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வுக்கும் அவள் பதிவு செய்து வைக்கட்டும். அந்தக் கதவை இப்போதே மூட வேண்டாம்.

என் கவலை, அவள் ஆங்கிலத்தையும் வேதியியலையும் தொடாமலே இருப்பதுதான். இராமானுஜனைக் காட்டி, மற்றப் பாடங்கள் எதற்கு என்று என்னிடம் வாதிட்டாள். கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறியதால் அவர் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையிலும், பட்டப்படிப்புக்கு முன் அக்காலத்தில் எழுதவேண்டியிருந்த எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-இல் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை கிடைக்கும்வரை பட்ட வறுமை கொஞ்சமல்ல. அந்தத் துன்பத்தை அவள் தேடிப் போக வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வேதியியலுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த சனிக்கிழமை மகனை மட்டும் காலை பத்து மணிக்கு அனுப்பிவையுங்கள். அக்கா துணைக்கு வர வேண்டாம். கவராயம், அளவுகோல், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், அவன் பேருந்துகள் வரைந்த அந்த நோட்டு ஆகிய நான்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் தேவையில்லை.