ஃபுளூ ஊசி போடுவதா விடுவதா: ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து ஓகஸ்ட்டில் கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம், வந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, கல்லூரியில படிச்சுக்கொண்டு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில பகுதிநேரமா வேலை செய்யிறன். ஃபுளூ ஊசி போடச் சொல்லுகினம். ஊரில ஒருநாளும் போட்டதில்லை. 'நல்லா இருக்கிற உடம்புக்கு என்னத்துக்கு ஊசி' எண்டு அம்மா சொல்லுறா. எங்கட பேஸ்மன்டில இருக்கிற அண்ணைக்கு ஊசி போட்ட கிழமையே காய்ச்சலாம். டிசம்பரில அம்மம்மாவின்ர திவசத்துக்கு யாழ்ப்பாணம் போற யோசனையும் இருக்கு. என்ன செய்யட்டும்?"

போடுங்கோ தம்பி. நான் டொக்டர் இல்லை. இந்த ஊர் முதியோர் இல்லங்களில் வேலை செய்தே தலை நரைத்தவள். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு ஆஸ்மா போல ஏதாவது வருத்தம் இருந்தாலோ, முன்னர் ஏதாவது தடுப்பூசிக்கு மூச்சுத் திணறும் அளவுக்கு ஒவ்வாமை வந்திருந்தாலோ, டொக்டரிடம் ஒருக்கால் கேட்டுவிட்டுப் போங்கள்.

அம்மாவில் பிழை சொல்ல மாட்டேன். சின்ன வயதில் உங்களைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரு திகதி தவறாமல் எல்லா ஊசியும் போட்டவர் அவர்தான். அந்த அட்டையில் ஃபுளூ ஊசி இருக்கவில்லை, அவ்வளவுதான். இலங்கையின் வழமையான தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை. வேண்டுமென்றால் காசு கொடுத்து வெளியில் போடலாம். யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்கிக் காய்ச்சல் என்றால் எங்களுக்கு முதலில் வருகிற பயம் டெங்கு. அது இல்லை என்று தெரிந்தால், கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்து, வேது பிடித்து, ரெண்டு பனடோல் போட்டுப் படுத்தால் சரி. வீடும் காற்றோட்டமான வீடு, விறாந்தையில் பாயைப் போட்டுப் படுக்கலாம்.

இங்கே நவம்பரில் பூட்டிய யன்னலை மார்ச்சில்தான் திறக்கிறோம். ஹீட்டர் காற்றை உலர வைக்கிறது. உலர்ந்த, குளிர்ந்த காற்றில் ஃபுளூ வைரஸ் கூடிய நேரம் தாக்குப்பிடிக்கும். உங்கள் பேஸ்மன்டில் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த பேஸ்மன்டுகளில் நாலைந்து பேருக்கு ஒரு குசினி, ஒரு குளியலறை, ஒரே கதவுக் கைபிடி. ஒருவருக்கு வந்தால் கிழமை முடிவதற்குள் அடுத்தவருக்கு.

வருவதும் தடிமன் மாதிரி மெல்ல மெல்ல வராது. காலையில் வகுப்புக்குப் போனவருக்குப் பின்னேரம் பஸ்ஸில் நிற்க முடியாது. 39 பாகையில் காய்ச்சல், எலும்பெல்லாம் உளைவு, வறட்டு இருமல். இளந்தாரி என்றால் ஒரு கிழமையில் எழும்பிவிடுவீர்கள், ஆனால் களைப்பும் இருமலும் இன்னும் இழுக்கும். சர்வதேச மாணவர் என்றால் படிப்புக் காலத்தில் உங்களுக்குக் கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் கல்லூரிக்கு வெளியே வேலை. அதில் ஒரு கிழமை போனால் அந்த மாத வாடகைக்கு என்ன செய்வது? ஒன்ராறியோச் சட்டப்படி வருடத்துக்கு 3 நாள் சுகவீன லீவு உண்டு, சம்பளம் இல்லாமல். அந்த 3 நாளுக்கும் டொக்டரின் கடிதம் கொண்டுவா என்று முதலாளி கேட்க முடியாது. 2024 ஒக்ரோபர் 28 முதல் அப்படிச் சட்டம். இதைத் தெரியாமல் கடிதத்துக்காகக் காய்ச்சலோடு கிளினிக்கில் போய் வரிசையில் இருக்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கினம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் பெரிய காரணம் நீங்கள் வேலை செய்கிற இடம். கனடாவில் ஃபுளூவால் இறக்கிறவர்களில் பெரும்பாலானோர் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களுக்கும் ஊசி போடுவார்கள், கூடிய வீரியத்தில். இருந்தாலும் வயதான உடம்பு அந்த ஊசியிலிருந்து எடுக்கிற பாதுகாப்புக் குறைவு. "காய்ச்சல் வந்தால் நான் வேலைக்குப் போகாமல் நிற்பன்" என்று நீங்கள் சொல்லலாம். நல்லது, ஆனால் அது போதாது. உங்களுக்கே தெரியவருவதற்கு ஒரு நாள் முன்னரே நீங்கள் மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

ஒரு மாடியில் ஃபுளூ பரவுகிறது என்று அறிவித்தால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் இன்னும் காணவில்லை. சாப்பாட்டு மண்டபத்தைப் பூட்டுவார்கள். ஒவ்வொரு அறைக்கும் தட்டுத் தட்டாகக் கொண்டுபோக வேண்டும். சூப் ஆறிப்போய்த்தான் கடைசி அறைக்குப் போகும். நான் வேலை செய்த ஒரு மாடியில் வடமராட்சிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. மண்டபத்தில் நான் தட்டை வைக்கும்போது, "பிள்ளை, இண்டைக்கும் இந்த வெள்ளைக் கிழங்கோ?" என்று கேட்பார். அவருடைய நாளில் தமிழ்க் கதை அவ்வளவுதான். பரவல் வந்து மண்டபம் பூட்டியதும் அதுவும் நின்றது. முகக்கவசமும் கவுனும் கண்ணாடியுமாக நான் அறைக்குள் போனால், ஆரோ எவரோ என்று பயந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். குரலைக் கேட்ட பிறகும் நம்பவில்லை. அவருக்கு அந்த முறை ஃபுளூ வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒழுங்காகச் சாப்பிடாமல் மெலிந்து போனார்.

பரவல் நேரத்தில் பல இல்லங்கள் ஊசி போடாத ஊழியரை வைரஸுக்கு எதிரான குளிசை எடுத்தால்தான் உள்ளே விடும். இல்லாவிட்டால் முடியும்வரை வீட்டில் நில் என்பார்கள். உங்கள் இல்லத்தின் விதி என்ன என்று மேலாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அந்த நாட்களுக்கும் சம்பளம் கிடையாது என்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

சரி, பேஸ்மன்டு அண்ணையின் காய்ச்சல். கையில் குத்துகிற ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அல்லது அதன் ஒரு துண்டு. அதனால் ஃபுளூ வரவே முடியாது. கை நோகும், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் உடம்பு உளைவும் இலேசான காய்ச்சலும் இருக்கும். எனக்குக் கை மட்டும் நோகும், அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. அதோடு, ஊசி வேலை செய்யத் தொடங்க கிட்டத்தட்ட 2 கிழமை எடுக்கும். ஊசி போடுகிற ஒக்ரோபர், நவம்பர்தான் வேறு நூறு விதத் தடிமனும் ஊரெல்லாம் சுற்றுகிற காலம். அண்ணை போட்ட அன்றே பஸ்ஸில் வேறொன்றை வாங்கி வந்திருக்கலாம்.

ஊசி போட்டால் வரவே வராது என்றும் நான் சொல்ல மாட்டேன். அடுத்த குளிர்காலத்துக்கு எந்த வகை வைரஸ்களை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் பெப்ரவரியிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. வைரஸ் அதற்குள் உருவை மாற்றிவிடும். கணிப்பு நன்றாகப் பொருந்திய வருடங்களில் டொக்டரிடம் போகும் அளவுக்கு வருத்தம் வருவதை 40 முதல் 60 வீதம் வரை குறைக்கிறது, பொருந்தாத வருடங்களில் அதிலும் குறைவு. வந்தாலும் ஆஸ்பத்திரிவரை போகாமல் காப்பதில்தான் அதன் பலன் கூடுதல். ஒவ்வொரு வருடமும் திரும்பப் போட வேண்டும் என்பதும் இதனால்தான்.

அம்மா அடுத்ததாகக் கேட்கப்போவதையும் சொல்கிறேன், ஏனென்றால் என் அம்மாவும் கேட்டவர்: முட்டையிலோ செய்யிறது? ஓம், அனேகமான ஃபுளூ ஊசிகளுக்குரிய வைரஸைக் கோழி முட்டையில்தான் வளர்க்கிறார்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் போடலாம் என்பதுதான் கனடாவின் அறிவுறுத்தல். சைவம் என்பது வேறு கேள்வி, அது உங்கள் மனசைப் பொறுத்தது. கந்தசஷ்டியும் ஊசிக் காலத்தோடு சேர்ந்தே வரும். விரதம் பிடிக்கிறீர்கள் என்றால் பாறணை முடிந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போய்க் கதிரையில் மயங்கிச் சரிந்த பிள்ளையைக் கண்டிருக்கிறேன். ஊசி போட்டபின் 15 நிமிடம் இருந்துவிட்டுப் போகச் சொல்வார்கள், இருங்கள்.

ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டிலிருந்து 6 மாதக் குழந்தை முதல் எல்லோருக்கும் இந்த ஊசி இலவசம். இங்கே வசிக்கிறவர், வேலை செய்கிறவர், படிக்கிறவர் எல்லோரும் இதில் அடங்குவர். உங்கள் இல்லத்தில் ஊழியர்களுக்கென்றே ஒரு நாள் போடக்கூடும், அதுதான் சுகம். தவறினால் பாமசிக்குப் போகலாம். ஓஹிப் கார்ட் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டை) இல்லையென்றால் படிப்பு அனுமதிப் பத்திரத்தையும் விலாசம் உள்ள ஏதாவது கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, போக முன் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். கார்ட் இல்லாமல் முடியாது என்று ஒரு பாமசி சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம்; கல்லூரிக் கிளினிக்கிலோ ரொறன்ரோப் பொதுச் சுகாதாரப் பிரிவின் கிளினிக்கிலோ கேட்கலாம்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: கை கழுவுதல், இருமுகிறவர் பக்கத்தில் முகக்கவசம், குசினி யன்னலைக் கொஞ்ச நேரமாவது திறத்தல், ஒரே துவாயில் நாலு பேர் கை துடைக்காமல் இருத்தல். வந்துவிட்டால் அன்டிபயோட்டிக் தேடி ஓடாதீர்கள், அது வைரஸுக்கு வேலை செய்யாது. மூச்செடுக்கக் கஷ்டம், நெஞ்சு நோவு, குறைந்த காய்ச்சல் திரும்ப ஏறுதல் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

இனி டிசம்பர்ப் பயணம். விமானத்துக்குக் குறைந்தது 2 கிழமை முன்னரே ஊசி போட்டிருக்க வேண்டும். திவச வீட்டில் உங்களைக் கட்டிப்பிடிக்கப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சலரோகமும் பிரஷரும் உள்ள கிழடுகள். திரும்பி வந்தபின் கதை மாறும். நீங்கள் போகிற காலம் யாழ்ப்பாணத்தில் மாரி, டெங்குக் காலம். 2024 டிசம்பரில் என்னவென்று தெரியாத காய்ச்சல் என்று தொடங்கிப் பிறகு எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதற்குள் அங்கே ஆட்கள் இறந்துபோனார்கள். ஆகவே ஊரால் வந்து 2 கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், ஃபுளூ என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். டொக்டரிடம் முதல் வசனமே "இலங்கையில் இருந்து வந்தனான்" என்பதாக இருக்கட்டும். வெள்ளத்தில், வயலில் இறங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரத்தம் சோதித்து டெங்கு இல்லை என்று தெரியும்வரை ரைலனோல் (எங்கட பனடோல்தான்) மட்டும். அட்வில், அஸ்பிரின் தொடவே வேண்டாம், டெங்கென்றால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

ஊசி போட்ட இடத்தில் திகதி எழுதி ஒரு துண்டு தருவார்கள். படம் எடுத்து வையுங்கள், மேலாளர் கேட்பார்.