ஓய்வுக்குப் பிறகு நண்பர்களோடு ஒரு சின்ன ப்ரூவரி: லீஸில் கையெழுத்துப் போடும் முன்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரும் மூன்று நண்பர்களும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், எல்லாருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. பல வருடமாக ஒருவர் வீட்டு கராஜில் சேர்ந்து பியர் செய்து பழகியிருக்கிறார்கள், குடித்துப் பார்த்தவர்கள் எல்லாம் "இதை விற்கலாமே" என்கிறார்கள். ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு யூனிட் வாடகைக்கு வந்திருக்கிறது, ஐந்து பேரல் அளவுள்ள பழைய ப்ரூவரி சாமான்களும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆளுக்குச் சமமாகப் பென்ஷனில் எடுத்த பணத்தைப் போட்டு ஆரம்பித்துவிடலாமா என்று கேட்கிறார்.

ஆரம்பிக்கலாம், தாராளமாக. ஆனால் சாமான், யூனிட், பெயர், லேபிள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் நால்வரில் ஒருவர் விலகினால், படுத்துவிட்டால், இறந்துவிட்டால் என்ன செய்வது என்று எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அறுபதுக்கு மேல் தொடங்கும் தொழிலில் இது எப்போதோ வரப்போகிற விஷயம் இல்லை, சில வருடங்களுக்குள்ளேயே வரக்கூடியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். எதுவும் எழுதாமல் நாலு பேர் சேர்ந்து லாபத்துக்குத் தொழில் செய்தால் அது தானாகவே பார்ட்னர்ஷிப் ஆகிவிடும், 1890-ஆம் வருடச் சட்டம்தான் இன்றும் அதற்குப் பொருந்தும். அதன்படி லாபம் சரிசமம், ஒருவர் வாரம் நாலு நாள் தொட்டி கழுவினாலும் இன்னொருவர் எட்டிப் பார்க்காவிட்டாலும் சரிசமம்தான். காலக்கெடு எதுவும் பேசியிருக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளலாம், ஒருவர் இறந்தால் கூட்டு அத்தோடு கலைந்துவிடும். கடன் வந்தால் அது உங்கள் வீடு வரைக்கும் வரும்.

அதனால் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்யுங்கள், அதோடு பங்குதாரர்களுக்குள் தனியாக ஓர் ஒப்பந்தமும் போடுங்கள். கம்பெனி மட்டும் போதாது, ஏனென்றால் நண்பர் இறந்தால் அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும், அவர்கள் எங்கேயோ வேறு ஊரில் இருப்பார்கள், பியரைப் பற்றி அக்கறை இருக்காது, பணமாகக் கொடு என்று கேட்பதும் நியாயம்தான். மீதி இருப்பவர்கள் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளலாம், விலையை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வந்துவிட வேண்டும். போட்ட பணத்துக்குப் பங்கு, செய்த வேலைக்குச் சம்பளம் என்று இரண்டையும் பிரித்துவிடுங்கள். முழங்கால் ஆபரேஷனுக்குப் போனவர் ஆறு மாதம் வராவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது. நான் பார்த்தவரை நண்பர்கள் பிரிந்தது பியர் கெட்டதால் அல்ல, "நான் மட்டும்தான் உழைக்கிறேன்" என்ற எண்ணம் மெல்ல மெல்ல வளர்ந்துதான்.

இன்னொன்று, யூனிட்டின் சொந்தக்காரர் டைரக்டர்களிடம் பர்சனல் கேரண்டி கேட்பார். அதில் கையெழுத்துப் போட்டால் லிமிடெட் கம்பெனி வைத்த பாதுகாப்பு வாடகை விஷயத்தில் போய்விடும். கேரண்டிக்குப் பதிலாக சில மாத டெபாசிட் தருகிறோம் என்று பேசிப் பாருங்கள், லீஸை இடையில் முறிக்கும் உரிமையும் கேளுங்கள்.

அப்புறம் உடம்பு. ஐந்து பேரல் என்பது சுமார் 818 லிட்டர். சாதாரண நாலு சதவீத ஆல்கஹால் உள்ள பியருக்கு ஒரு தடவைக்கு 25 கிலோ மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) மூட்டை ஐந்தோ ஆறோ தூக்கிக் கொட்ட வேண்டும், வடித்த பிறகு நனைந்து கனத்த சக்கையை மண்வெட்டியால் அள்ளி வெளியேற்ற வேண்டும். முடிவில் கிடைப்பது ஃபெர்கின் என்கிற பீப்பாயில் இருபது. ஒரு ஃபெர்கின் ஒன்பது கேலன், 72 பைண்ட், நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 50 கிலோ. ஒரு ஆண் இடுப்பு மட்டத்தில் தூக்குவதற்கே 25 கிலோ என்றுதான் பாதுகாப்புத் துறை வழிகாட்டுகிறது, இதையோ வேனில் ஏற்றி, பப்பின் நிலவறைப் படிகளில் இறக்க வேண்டியிருக்கும். எனவே இரண்டரை பேரல் சாமானைத் தேடுங்கள், அல்லது ஐந்து பேரல் வாங்கினால் மூட்டை தூக்க ஹாய்ஸ்ட், பீப்பாய்க்கு லிஃப்ட் வைத்த வேன், வாரத்தில் ஒரு நாளாவது சம்பளத்துக்கு ஒரு இளைஞர் ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். 'பின்' (pin) என்று சொல்கிற நாலரை கேலன் பீப்பாயும் இருக்கிறது. சின்ன பப்களுக்கு அதுதான் வசதி, குழாய் பொருத்தித் திறந்த காஸ்க் (பியர் பீப்பாய்) மூன்று நாளைக்குள் தீர்ந்தால்தான் ருசி நிற்கும்.

வேலையில் பெரும்பகுதி கழுவுவதுதான். காஸ்டிக், அமிலம், சூடான தண்ணீர். நொதிக்கும் தொட்டியில் தேங்கும் கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாது, உள்ளே தலையை விட்டவரை நொடியில் சாய்த்துவிடும். யாரும் தனியாக அங்கே வேலை செய்யக்கூடாது என்பதை முதல் நாளே விதியாக வையுங்கள், வாயு அளக்கும் அலாரம் ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வயதானவர்களுக்கு இது ஆகாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் சின்ன ப்ரூவரி அலையையே கிளப்பியவர்கள் பெரிய ப்ரூவரியை விட்டு வெளியே வந்தவர்கள்தான். நார்த்தாம்ப்டன் ஃபிப்ஸ் ப்ரூவரியில் தலைமை வடிப்பாளராக இருந்த பில் உர்குஹார்ட் 1974-இல் லிட்ச்பரோவைத் தொடங்கினார், ஹல் ப்ரூவரியிலிருந்து ஓய்வு பெற்ற பீட்டர் ஆஸ்டின் 1978-இல் ரிங்வுட்டைத் தொடங்கி, பிறகு பல நாடுகளில் சின்ன ப்ரூவரிகள் அமைத்துக் கொடுத்தார். ஆனால் அவர்கள் ஆயுள் முழுக்க அதே தொழிலில் இருந்தவர்கள். கராஜில் ஒரு தடவை நன்றாக வந்ததை மாதம் நாலு தடவை அதே ருசியில் செய்வது வேறு திறமை, அதைக் கற்றுக்கொள்ளக் காலம் வேண்டும்.

பணத்துக்கு வருவோம். பியர் வரி உங்கள் கதவைத் தாண்டி பியர் வெளியே போகும்போதே விழுந்துவிடும், பப்காரர் இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுத்தாலும் வருவாய்த் துறை காத்திருக்காது. சின்ன ப்ரூவரிகள் பல இந்த இடைவெளியில்தான் மூச்சுத் திணறுகின்றன. வரிச் சலுகைகள் நன்றாகவே இருக்கின்றன: 2002-இல் வந்த சிறு ப்ரூவரி சலுகை 2023 ஆகஸ்டில் மாற்றி அமைக்கப்பட்டது, 8.5 சதவீதத்துக்குக் குறைவான பியருக்கு உங்களைப் போன்ற சிறிய உற்பத்தியாளர் குறைந்த வரி கட்டலாம். 20 லிட்டரோ அதற்கு மேலோ பிடிக்கும் பாத்திரத்தில், குழாய் வழியே ஊற்றும் பியருக்குத் தனிச் சலுகை வேறு. 'பின்' பீப்பாய் இருபதரை லிட்டர் என்பதால் அதற்குள் வந்துவிடுகிறது. இதையெல்லாம்விடப் பெரியது, 3.5 சதவீதத்துக்குக் கீழே உள்ள பியருக்கு வரி பாதியைவிடக் குறைவு. ஆகவே முதல் பியரை 3.4-இல் செய்யுங்கள். பியர் வாய்க்குக் கொஞ்சம் மெலிந்துதான் தெரியும், அரைத்த மால்ட்டை வெந்நீரில் 68 டிகிரி செல்சியஸ் பக்கம் ஊறவிட்டு, கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட்டோ ஓட்ஸோ சேர்த்தால் வாய்க்கு நிறைவாக வரும்.

பென்ஷன் தொகையில், முழுவதும் போனாலும் வீட்டுச் செலவு பாதிக்காத அளவை மட்டும் போடுங்கள். மனைவி அல்லது கணவரிடம் அந்த எண்ணைச் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு போடுங்கள்.

விற்பனைதான் செய்வதைவிடக் கடினம். உங்கள் ஊர் பப்களில் பல, பெரிய கம்பெனிகளுக்குக் கட்டுப்பட்டவை, அவர்கள் பட்டியலில் இல்லாத பியரை நடத்துபவர் ஆசைப்பட்டாலும் வாங்க முடியாது. எனவே கட்டுப்பாடு இல்லாத ஃப்ரீ ஹவுஸ்களை எண்ணுங்கள். கென்ட்டில் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, மைக்ரோ பப் என்கிற ஒரு அறை பப் 2005-இல் உங்கள் பக்கத்து ஹெர்ன் கிராமத்தில்தான் பிறந்தது, அவர்கள் உள்ளூர் காஸ்க்கை விரும்பி வாங்குவார்கள். செப்டம்பரில் கொடியிலிருந்து பறித்த பச்சை ஹாப்ஸை (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) காயவைக்காமல் அன்றே போட்டுச் செய்யும் பியரைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் நன்றாகச் செய்ய முடியும், அதையும் விடாதீர்கள். லாபம் நிஜமாக நிற்பது ப்ரூவரியிலேயே உட்கார்ந்து குடிக்க வைக்கும் உங்கள் சொந்த டாப்ரூமில், வாரக் கடைசியில் நேரடியாக ஊற்றி விற்கும் பியரில்.

அனுமதிகள் சுருக்கமாக. வீட்டில் சொந்தக் குடிக்குச் செய்ய லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் ஒரு பைண்ட் விற்றாலும் முன்கூட்டியே எச்.எம்.ஆர்.சி. என்கிற வருவாய்த் துறையின் உற்பத்தியாளர் அனுமதி வேண்டும், 2025 மார்ச்சிலிருந்து இது புதிய முறையில் நடக்கிறது. திறப்பதற்கு 28 நாள் முன்னால் கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதிய வேண்டும். டாப்ரூமுக்கு அந்த இடத்தில் மது விற்க லைசென்ஸும், உங்களில் ஒருவருக்கு மது விற்பனைக்கான பர்சனல் லைசென்ஸும் தேவை. லேபிளில் பார்லி, கோதுமை இருப்பதைக் குறிக்க வேண்டும்.

எல்லாரும் மறப்பது சாக்கடை. ஈஸ்ட்டும் மீந்த சர்க்கரைத் தண்ணீரும் கழிவு நீரை மிகவும் கெடுப்பவை, அதனால் தண்ணீர் கம்பெனியின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் ப்ரூவரி கழிவைச் சாக்கடையில் விடக்கூடாது. அந்த யூனிட்டில் தரை வடிகால் எங்கே இருக்கிறது, எங்கே போய்ச் சேருகிறது, த்ரீ ஃபேஸ் மின்சாரம் இருக்கிறதா, கவுன்சில் திட்ட அனுமதி தொழிற்சாலைக்கா வெறும் கிடங்குக்கா என்பதை லீஸில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பதில் வரும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், பக்கத்து ப்ரூவரிகளில் வாரத்தில் சில நாள் தொட்டி காலியாகத்தான் கிடக்கும். வாடகை கொடுத்து அங்கே ஒரு வருடம் உங்கள் பியரைச் செய்து விற்றுப் பாருங்கள், வரி யார் கணக்கில் போகிறது என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சாமான் அடுத்த வருடமும் கிடைக்கும். மூடுகிற ப்ரூவரிகள் நிறைய இருப்பதால் விலையும் பேரம் பேசும் நிலையில்தான் இருக்கிறது.