பத்துக்கு நாலு பெரிய விஷயமா?

கேள்வி: பேஸ்பாலில் .400 சராசரி எடுத்த கடைசி ஆள் 1941-ல் டெட் வில்லியம்ஸ்தானாம். பத்துக்கு ஆறு தடவை அவுட் ஆகிறவருக்கா இத்தனை கொண்டாட்டம்? கிரிக்கெட்டில் இப்படி ஆடினால் டீமில் வைத்திருப்பார்களா?

பதில்: கணக்கிலேயே கோட்டை விட்டுவிட்டீர்கள். அந்த வருடம் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக வில்லியம்ஸ் மட்டை பிடித்தது 606 தடவை. 147 தடவை நாலு பந்தை வெளியே போட்டு 'வாக்'கில், அதாவது அடிக்காமலே முதல் பேஸுக்கு (ஓடி நிற்கும் முதல் இடம்), அனுப்பிவிட்டார்கள். 3 தடவை பந்து உடம்பில் பட்டது. இவை சராசரியில் சேராது. மிச்சம் 456, அதில் 185 ஹிட் (அடித்துவிட்டு பத்திரமாக பேஸ் சேர்ந்தது), அதுதான் .406. மொத்தமாகப் பார்த்தால் 606-க்கு 335 தடவை பேஸில் போய் நின்றிருக்கிறார். பாதிக்கும் மேல் ஐயா! உயரே அடித்து கேட்ச் ஆனாலும், அந்தப் பந்தில் சகா ரன் எடுத்துவிட்டால் இன்றைக்கு அது சராசரியைக் குறைக்காது. 1941-ல் குறைத்தது.

கிரிக்கெட்டில் பிடிக்காத பந்தை விட்டுவிடலாம், கட்டை போடலாம், பின்பக்கம் தட்டி நாலு எடுக்கலாம். இங்கே முன்னால் 90 டிகிரிக்குள் அடித்தால்தான் செல்லும். அடித்தால் ஓடியே தீரவேண்டும். மட்டையோ உருண்டை, 6.6 செ.மீ. விட்டத்துக்கு மேல் கூடாது. 150 கி.மீ. வேகப் பந்து வந்து சேர சுமார் 0.4 விநாடிதான்.

கடைசி நாள் கதை தெரியுமா? செப்டம்பர் 28, ஃபிலடெல்ஃபியா, ஒரே நாளில் இரண்டு ஆட்டம். அதுவரை 448-க்கு 179, அதாவது .39955. முழுமையாக்கினால் .400 வந்துவிடும். உட்கார்ந்துகொள்கிறாயா என்று மேனேஜர் ஜோ குரோனின் கேட்டார். மறுத்து இறங்கினார். முதல் ஆட்டத்தில் ஐந்துக்கு ஒன்று மட்டும் அடித்திருந்தால் .397 ஆகி எல்லாம் போயிருக்கும். அடித்தது நாலு. அதோடு நிறுத்தவில்லை, அடுத்த ஆட்டத்தில் மூன்றுக்கு இரண்டு. (இவ்வளவுக்கும் அந்த வருடச் சிறந்த வீரர் விருது, தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த ஜோ டிமாஜியோவுக்குப் போனது.)

பிறகு 1980-ல் ஜார்ஜ் பிரெட் .390, ஐந்தே ஹிட் குறை. 1994-ல் டோனி குவின் .394-ல் இருந்தபோது வேலைநிறுத்தம் வந்து சீசனே நின்றது. வில்லியம்ஸ் காலத்தில் ஒரே பிட்சரை (பந்து வீசுபவரை) ஆட்டத்தில் மூன்று நாலு தடவை சந்தித்துப் பழகலாம். இப்போது ஆறாவது இன்னிங்ஸ் தாண்டினால் களைப்பில்லாத புதுக் கை வந்துவிடுகிறது.

போகட்டும், 'கடைசி ஆள்' என்பதும் பழைய கணக்கு. கறுப்பின வீரர்கள் ஆடிய நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை 2024-ல் அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் தன் பதிவேட்டில் சேர்த்தது. அதன்படி 1943-ல் ஜாஷ் கிப்சன் எடுத்தது .466.